கில்ரஷ்ஷிலிருந்து ஒரு பெயர்

ஜூன் 9

கில்ரஷ் வந்து சேர்ந்தோம். அயர்லாந்தின் மேற்கே, கிளேர் கவுண்டியில், ஷானன் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்து ஊர். இவருடைய முன்னோர்கள் உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பிறகு இங்கிருந்துதான் மெல்பர்னுக்குக் கப்பலேறினார்கள். பிறக்கப்போகும் குழந்தையின் பெயரில் இந்த ஊர் இருக்க வேண்டும் என்பது மாமியாரின் ஆசை. எனக்கும்தான்.

ராத்திரி தூக்கமே வரவில்லை. 1849 டிசம்பரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கில்ரஷ் பக்கத்து பிரிட்ஜெட் ஓ'டானல், கந்தல் துணியோடு, இரண்டு பிள்ளைகளை அணைத்தபடி நிற்கிறாள். வயிற்றில் பிள்ளை, உடம்பில் காய்ச்சல், அந்த நிலையில் வாடகை பாக்கிக்காக வீட்டை விட்டு வெளியேற்றியிருக்கிறார்கள். குழந்தை இறந்தே பிறந்தது. பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் பசியில் செத்தான். என் வயிற்றில் கைவைத்தபடியே இதையெல்லாம் படித்தேன்.

ஜூன் 10

கிளேர் என்றே வைத்துவிடலாமே என்றேன். அது கவுண்டி முழுக்கப் பொதுவான பெயர், நம் ஊருக்கென்று ஒன்று வேண்டும் என்கிறார் இவர். அவர் மனசில் இருப்பது செனன். எதிரே ஸ்காட்டரி தீவில் ஆறாம் நூற்றாண்டில் மடம் நிறுவிய துறவி. இந்தப் பக்கத்தில் பையன்களுக்கு இன்றும் அந்தப் பெயர் வைக்கிறார்கள்.

ஜூன் 12

படகில் ஸ்காட்டரி போனோம். 1978-க்குப் பிறகு அங்கே குடியிருப்பவர்கள் யாரும் இல்லை. கப்பல்களை ஆற்றுக்குள் வழிநடத்திய பைலட் குடும்பங்களின் வீடுகள் சுவரும் கதவுமாக நிற்கின்றன. வட்டக் கோபுரத்தின் வாசல் தரைமட்டத்திலேயே இருக்கிறது. மற்ற ஊர்க் கோபுரங்களில் ஏணி வைத்துத்தான் ஏற வேண்டுமாம். வாசல் கல்லைத் தொட்டுப் பார்த்தேன், மஞ்சள் பாசி படர்ந்து சொரசொரவென்று இருந்தது.

அங்கேதான் அந்தக் கதையும் காதில் விழுந்தது. செனன் தீவுக்குள் பெண்களை விடமாட்டாராம். கன்னேரா என்ற துறவிப் பெண், அயர்லாந்தின் மடங்களிலிருந்தெல்லாம் தீத்தூண்கள் எழுவதாகக் கனவு கண்டாளாம். எல்லாவற்றிலும் உயரமானது இந்தத் தீவிலிருந்து எழுந்தது. சாவதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெற்கே பான்ட்ரி பக்கமிருந்து வந்தாள். அவர் தடுத்தார். கிறிஸ்து ஆண்களுக்காக மட்டுமா வந்தார் என்று அவள் கேட்க, கடைசியில் வழிவிட்டார். கரையிலேயே அவளைப் புதைத்ததாகச் சொல்கிறார்கள்.

ஜூன் 13

காலையில் இவரிடம் சொல்லிவிட்டேன்: பெண்ணாகப் பிறந்தால் கன்னேராதான். வாதாடி இடம் பிடித்தவள். பிரிட்ஜெட்டின் ஊரிலிருந்து என் மகளுக்கு எடுத்துப்போக இதைவிட நல்ல பெயர் கிடைக்காது. பையன் என்றால் செனன், சம்மதம். அவரும் இறங்கிவந்தவர்தானே.

ஜூலை 2

மெல்பர்ன். மாமியார் கன்னேரா என்ற பெயரையே கேள்விப்பட்டதில்லையாம். கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, ஒற்றை 'ன'வா இரட்டை 'ன'வா என்று மட்டும் கேட்டார். இரட்டைதான் என்றேன். அம்மாவுக்கு நட்சத்திரத்துக்கு ஏற்ற எழுத்தில் பெயர் வேண்டும். அதையும் தொட்டிலில் போடும்போது காதில் சொல்லிவிடலாம் என்றேன், சரி என்றுவிட்டாள்.