அண்ணனின் தண்ணீர்க் கணக்கு

ஜூலை 8, செவ்வாய், கோலாலம்பூர்

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் அண்ணனுக்குக் கட்டி, 2.8 செ.மீ. 1 செ.மீ. தாண்டினாலே பெரிய கட்டியாம். மேலே பார்வை நரம்புகள் கூடும் இடத்தை அது நெருக்கியதால்தான் அண்ணனுக்கு இரண்டு ஓரமும் மங்கிப்போனது. பஸ்ஸை டிப்போ தூணில் உரசியபோது எல்லோரும் வயசு என்றோம். புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கும் ரகமாக இருந்திருந்தால் மாத்திரையிலேயே சுருங்கியிருக்கும். இது அந்த ரகமில்லை.

ஜூலை 9, புதன்

டாக்டர் படம் போட்டுக் காட்டினார். 4 மி.மீ. எண்டோஸ்கோப், அதாவது கேமராக் குழாய், மூக்கு வழியே போகும். மூக்குக்குப் பின்னால் எலும்புக்குள் இருக்கும் ஸ்பீனாய்டு குழிக்குள் நுழைந்து, அதன் பின்சுவர் எலும்பைத் திறந்தால் சுரப்பி. இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனி ஓடுகிறது. மூக்கு வழி பழசுதான்; 1907-லேயே ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் ஷ்லோஃபர் என்ற அறுவை மருத்துவர் அந்தப் பக்கமாகப் போயிருக்கிறார். மைக்ரோஸ்கோப் வெளியே நின்று நேரே பார்க்கும். எண்டோஸ்கோப் உள்ளேயே போய், சாய்வு லென்ஸ் மாட்டினால் மூலையில் ஒளிந்திருப்பதையும் காட்டும்.

அத்தை போனில்: "மண்டையத் தொறக்கல இல்ல? அப்ப சின்ன ஆபரேஷன்தான்." பதில் சொல்லவில்லை.

ஜூலை 10, வியாழன்

முடிந்தது. மூளைநீர் கசிந்ததால் வயிற்றிலிருந்து கொஞ்சம் கொழுப்பும், மூக்கு நடுச்சுவரின் சவ்வும் வைத்து அடைத்திருக்கிறார்கள். மூக்கு சிந்தக்கூடாது, ஸ்ட்ரா கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். அண்ணன் தும்மல் தெருமுனை வரை கேட்கும். அண்ணிக்கு அதுதான் கவலை.

ஜூலை 11, வெள்ளி

ராத்திரியெல்லாம் சிறுநீர். ஒரு மணி நேரத்துக்கு 400 மி.லி., பச்சைத் தண்ணீர் மாதிரி. மிஸ்ஸி (நர்ஸ்) அளவு ஜாடியை விளக்குக்கு நேரே தூக்கி, கோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு, "மினும் லாகி, அபாங்" (இன்னும் குடிங்க, அண்ணா) என்று கோப்பையை நீட்டினார். தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோனை பிட்யூட்டரியின் பின்பகுதிதான் ரத்தத்தில் விடுகிறது. கை பட்டதும் அது கொஞ்ச நாள் நின்றுவிடுமாம். அதற்குப் பதிலாக டெஸ்மோபிரஸின் மருந்து கொடுத்தார்கள். விடியும்போது, கட்டிலை விட்டு அசையாமலே ஓரத்து ஜன்னல் திரை தெரிகிறது என்றார் அண்ணன். அண்ணி அழுதுவிட்டார்.

ஜூலை 14, திங்கள்

டெஸ்மோபிரஸினை நிறுத்தியாயிற்று. செந்தூல் வீட்டுக்கு வந்துவிட்டோம். ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து வேளை தவறக்கூடாது.

ஜூலை 17, வியாழன்

காலையிலிருந்து தலைவலி, குமட்டல். ரத்தத்தில் சோடியம் 128. 135-க்குக் கீழே போகக்கூடாது. இப்போது எல்லாம் தலைகீழ்: அடிபட்ட நரம்பு முனைகள் தேக்கி வைத்த ஹார்மோனை மொத்தமாகக் கொட்ட, உடம்பு தண்ணீரை விடமாட்டேன் என்கிறது. மறுபடி வார்டு. "குடி, குடி" என்றவர்களே இன்று, ஒரு நாளைக்கு 1 லிட்டர்தான் என்கிறார்கள். அறுவை சிகிச்சையைவிட இந்த ஒரு வாரம்தான் ஆளைச் சோதிக்கிறது. இதை யாராவது முன்னாலேயே உரக்கச் சொல்லியிருக்கலாம்.

அத்தை சூடு தணியட்டும் என்று இரண்டு இளநீரோடு வந்தார். அண்ணன் முறைக்க முறைக்க ஒன்றை நான் குடித்தேன், ஒன்றை அண்ணி. நாளைக் காலை மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள்.