தங்கைக்கு மூன்றாம் மாதம்

பெங்களூர் அல்சூர் வீட்டு மொட்டை மாடி டிரம்மை இன்று காலை நார் போட்டுத் தேய்த்தேன். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் கொசுவின் முட்டை, தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே, கடுகைவிடச் சின்னக் கரும்புள்ளியாக ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது. தண்ணீர் பட்டதும் பொரித்துவிடும்.

தங்கை முழுகாமல் இருக்கிறாள். இந்தக் கொசு பரப்பும் ஜிகா வைரஸ் என்றாலே எனக்கு அடிவயிறு கலங்குகிறது. பலருக்குக் காய்ச்சல்கூட வராது. ஆனால் கருவின் மூளையைத் தாக்கக்கூடும். உகாண்டாவில் 1947-லேயே கண்டறிந்த வைரஸ். 2015-ல் பிரேசிலில் தலை சிறுத்துப் பிறந்த குழந்தைகளைப் பார்த்த பிறகுதான் உலகம் விழித்தது. தடுப்பூசி இன்னும் பயன்பாட்டுக்கு வரவில்லை.

2023-ல் பக்கத்துச் சிக்கபள்ளாபுராவில் கொசுக்களைப் பிடித்துச் சோதித்தபோதே வைரஸ் தெரிந்தது. நோயாளி வரும்வரை காத்திராத இந்த வேலை எல்லா ஊரிலும் ஓயாமல் நடக்க வேண்டும்.

அப்புறம், மாப்பிள்ளை அடிக்கடி புனே போய்வருபவர். 2024-ல் அங்கே கர்ப்பிணிகளுக்கே வந்தது. உடலுறவு வழியாகவும் பரவும் என்பதைக் கூச்சம் பார்க்காமல் அவரிடம் சொல்லிவிட்டேன்.

பகலில் கடிக்கிற கொசு. மத்தியானத் தூக்கத்துக்கும் வலை கட்டியாயிற்று. எங்கள் தெருவில் யார் வீட்டு டிரம் என்றாலும் கூப்பிடுங்கள், நாரோடு வருகிறேன்.