தோளும் தேளும்: வாசிக்கத் தடுமாறிய மாணவனோடு ஓர் ஆண்டு

நான்காம் வகுப்பில் அந்த மாணவன் என்னிடம் வந்து சேர்ந்தபோது, முந்தைய ஆண்டுக் குறிப்பில் ‘மெல்லக் கற்பவன், கூடுதல் பயிற்சி தேவை’ என்று எழுதியிருந்தது. கூடுதல் பயிற்சிக்கு ஒரு குறைவும் இருந்திருக்கவில்லை. ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப எழுத வைத்ததில் பிள்ளைக்குக் கை வலித்ததுதான் மிச்சம். எந்த இடத்தில் இடறுகிறான் என்று தெரியாமல் கொடுக்கும் பயிற்சி தண்டனைக்குச் சமம் என்பது என் உறுதியான எண்ணம். அதனால் முதல் சில வாரங்கள் புதிதாக எதையும் திணிக்காமல் அவனைக் கவனித்தேன்.

கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொன்னேன், இரண்டிலும் குறையில்லை. நீர் எப்படி ஆவியாகி மேகமாகி மழையாகிறது என்று வாய்மொழியாகக் கேட்டால் தங்குதடையின்றிச் சொன்னான். அதே கேள்வி தாளில் வந்தால் பதில் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடந்தது.

பிறகு ஒரு தனி நோட்டுப் போட்டேன். அவன் வாசிக்க வாசிக்க, புத்தகத்தில் இருந்த சொல்லை ஒரு பக்கமும் அவன் வாயில் வந்த சொல்லை எதிர்ப்பக்கமும் எழுதினேன். ‘தோளில் துண்டு’ என்பதைத் ‘தேளில் துண்டு’ என்றான். ‘கோடு’ ‘கேடு’ ஆனது. ‘கொடு’ ‘கெடு’ ஆனது. பக்கம் நிரம்பியதும் விஷயம் தெளிவாகிவிட்டது. ஒகர, ஓகாரக் குறிகள் எழுத்தின் இருபுறமும் நிற்பவை. கொம்பு முன்னால் நின்றாலும் அதன் ஒலி மெய்க்குப் பின்னால்தான் வரும். போதாதற்கு வலப்பக்கத்தில் துணைக்கால் வேறு. கொம்பையும் எழுத்தையும் பார்த்த உடனே ஒலித்துவிட்டுக் காலைத் தவறவிட்டான். 247 எழுத்துகளையும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. 18 மெய்களோடு ஒ, ஓ சேரும் 36 எழுத்துகளில் கை வைத்தால் போதும் என்று புரிந்தது.

மற்றவர்கள் எழுத்து வேலை செய்யும் கால்மணி நேரம் அவனுக்கானது. முதலில் புத்தகமே கிடையாது, காது மட்டும்தான். தாள், தூள், தேள், தோள் என்று முதல் எழுத்தின் உயிரொலியை மாற்றி மாற்றிச் சொல்ல வைத்தேன். அது பழகிய பின் கொம்பு, எழுத்து, கால் மூன்றையும் தனித்தனி அட்டைகளாக வெட்டிக் கொடுத்தேன். ‘தே’வைக் கட்டிவிட்டு, கால் அட்டையை நகர்த்தி ஒட்டவைத்துத் ‘தோ’ என்பான். விரலால் தொட்டு நகர்த்தியதும் கண் அந்தக் காலைத் தேடத் தொடங்கியது. ‘வந்துகொண்டிருந்தார்கள்’ போன்ற நீண்ட சொற்களைப் பென்சிலால் மெல்லிய கோடிட்டுப் பிரித்துக் கொடுத்தேன். பழகப் பழகக் கோடுகளைக் குறைத்தேன்.

வகுப்பில் அவனைத் திடீரென எழுப்பி வாசிக்கச் சொல்வதில்லை. மறுநாள் வாசிக்க வேண்டிய பத்தியை முதல் நாளே சொல்லிவிடுவேன். அந்த ஒரு மாற்றத்தால் பக்கத்துப் பிள்ளைகளின் சிரிப்பு நின்றது.

“வீட்டில் வாய் ஓயாமல் பேசுகிறான் டீச்சர், புத்தகத்தைத் திறந்தால்தான் சோம்பல்” என்றார் அவன் அப்பா. நோட்டைக் காட்டினேன். 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற பிரிட்டன் மருத்துவர் எழுதிய, வாசிக்கத் தடுமாறிய 14 வயதுச் சிறுவனைப் பற்றியும் சொன்னேன்: பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று அவனுடைய ஆசிரியர் கருதியிருந்தார். அப்பா நோட்டை வாங்கி வெகுநேரம் புரட்டினார். அதன் பிறகுதான் சிறப்புக் கல்வியாளரிடம் மதிப்பீட்டுக்குச் சம்மதித்தார். டிஸ்லெக்சியா, அதாவது அறிவில் குறையில்லாமலே வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் சிரமம், என்று அறிக்கை வந்தது.

அறிக்கையை வைத்துத் தேர்வில் கூடுதல் நேரமும், கேள்வியை வாசித்துக் காட்ட ஒருவரும் கேட்டேன். மற்றப் பிள்ளைகளுக்கு அநியாயம் ஆகாதா என்று கேட்டார்கள். அறிவியல் தேர்வு அறிவியலைத்தானே சோதிக்க வேண்டும்? இதை விடாமல் வாதாடித்தான் அனுமதி பெற்றேன்.

ஆண்டு முடிவில் அவன் தெரியாத பத்தியையும் நிதானமாக வாசித்தான். எழுத்துப் பிழைகள் இன்னும் நிறைய; ல, ள, ழ குழப்பத்தை நாங்கள் தொடவே இல்லை. ஐந்தாம் வகுப்பு ஆசிரியரிடம் அந்த நோட்டைக் கொடுத்து, அடுத்து அங்கிருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.