அந்த 256-ஐ முதலில் மாற்றுங்கள்

ஒரு நடைபாலத்தில் முடுக்கமானி (அதிர்வை அளக்கும் கருவி) வைத்து எடுத்த பதிவைப் பைத்தானில், சைபை (SciPy) நூலகத்தின் வெல்ச் ஃபங்ஷனில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று வரைபடம் போடக் கணக்கிட்டுத் தருவது) போட்டதும் ஒரே ஒரு அகலமான முகடு வந்தது, பக்கவாட்டு அலைவு ஒன்றுதான் என்று நம்பி அறிக்கையே எழுத ஆரம்பித்துவிட்டேன். தவறு. நாமாக எதுவும் சொல்லாவிட்டால் வெல்ச் பதிவை 256 மாதிரிகள் (அளவீடுகள்) கொண்ட துண்டுகளாக வெட்டிக்கொள்ளும். நொடிக்கு 100 மாதிரி என்றால் ஒரு துண்டு வெறும் 2.56 நொடி, அதனால் அதிர்வெண் அச்சில் புள்ளிக்குப் புள்ளி 0.39 ஹெர்ட்ஸ் இடைவெளி. 0.8 ஹெர்ட்ஸுக்கும் 1.0 ஹெர்ட்ஸுக்கும் அதில் எப்படி வித்தியாசம் தெரியும்? துண்டை 4096 ஆக்கினேன், இடைவெளி 0.024 ஆனது, முகடு இரண்டாகப் பிரிந்து நின்றது. சின்னத் துண்டின் பின்னால் பூஜ்யங்களைச் சேர்த்து நீட்டினால் கோடு வழவழப்பாகும், அவ்வளவுதான். நெருங்கிய இரண்டைப் பிரிக்க நீளமான பதிவுத் துண்டுதான் வேண்டும்.

லண்டன் மில்லெனியம் பாலம் 2000 ஜூன் 10 அன்று திறந்து இரண்டே நாளில் மூடப்பட்டதற்குக் காரணம் இந்த 1 ஹெர்ட்ஸும் அதற்குக் கீழும் வரும் பக்கவாட்டு ஆட்டம்தான். நொடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி வைக்கிறோம், ஆனால் இடதும் வலதும் மாறிமாறித் தள்ளுவதால் பக்கவாட்டில் அது நொடிக்கு ஒரு சுற்று. ஆட்டத்தை அடக்கும் தணிப்பான்கள் பொருத்தி 2002-ல்தான் திரும்பத் திறந்தார்கள். எந்த அதிர்வெண்ணுக்குத் தணிப்பான் என்பதையே நாம் போடும் அந்த வரைபடத்தை வைத்துத்தானே முடிவு செய்கிறோம்!