ஃபீடர்ல பேப்பர் போடுறதுக்கு முன்னாடி

எங்க வக்கீல் ஆபீஸ்ல பழைய ஃபைல் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ற வேலை மூணு மாசமா என் கையில. பட்டன அமுக்குறதுல என்ன இருக்குன்னு நெனச்சுத்தான் ஒத்துக்கிட்டேன், ஆனா பாதி நாளுக்கு மேல பேப்பர தயார் பண்றதுக்கே போயிடுது.

மொதல்ல பின். ஸ்டேப்ளர் பின்ன மேலருந்து பிடிச்சு இழுத்தா மூலை கிழிஞ்சிரும், பின்பக்கம் திருப்பி ரெண்டு காலையும் நிமித்திட்டு எடுத்தா ஓட்டையோட போயிடும். மடங்குன மூலைய நகத்தால நீவி விடணும், மழைக்காலத்துல தாள் ஈரம் பிடிச்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், அப்படியே ஃபீடர்ல, அதான் தாள் கட்ட வச்சா ஒவ்வொண்ணா தானா உள்ள இழுக்குற ஸ்கேனர் தட்டுல, போட்டா ரெண்டு தாள் சேந்து உள்ள போயிடும், அதனால கட்ட விசிறி மாதிரி விரிச்சு காத்து விட்டு ஓரத்த தட்டி சமமாக்கிட்டுதான் வைக்கணும். எத்தன தாள்னு எண்ணி மேல பென்சில்ல எழுதிருவேன், ஸ்கேன்ல அதே கணக்கு வரணும்.

ஒயிட்னர் அடிச்ச தாள், ஒட்டுற குறிப்புச் சீட்டு இருந்த தாள் ரெண்டையும் நான் நம்பவே மாட்டேன். ஒரு தடவ நாப்பது பக்கத்துலயும் மேலருந்து கீழ வரைக்கும் ஒரே கறுப்புக் கோடு, ஸ்கேனரோட பெரிய கண்ணாடிய எவ்வளவு தொடச்சும் போகல. ஃபீடர் வழியா போற தாள படிக்கிறது அது இல்லயாம், பக்கத்துல விரல் அகலத்துல இருக்குற கண்ணாடிப் பட்டைதான். அதுல கடுகுல பாதி ஒயிட்னர் ஒட்டிக் காஞ்சிருந்துச்சு. தாள்தான் நகருது, படிக்கிற இடம் அப்படியே நிக்குது, அதான் ஒரு புள்ளி முழுக் கோடாயிடுது.

கடை பில் மாதிரி வழவழன்னு இருக்குற தெர்மல் தாள வெயில் படாம வச்சு, எழுத்து மங்குறதுக்குள்ள மொதல்ல ஸ்கேன் பண்ணிருங்க.

இப்ப சொல்லப் போறது இன்னும் மனசுல குத்துது. ஒரு பெரியவர் 1968ம் வருஷத்து கிரயப் பத்திரம் கொண்டு வந்தாரு, நாலா மடிச்சு மடிச்சு மடிப்பெல்லாம் நைஞ்சு போயிருந்துச்சு. அவசரத்துல ஃபீடர்ல வச்சுட்டேன். பாதி போனதும் மடிப்புல சிக்கி உள்ள கசங்குற சத்தம். மூடிய தொறந்து, லிவர தளத்தி, தாள் போற திசையிலயே ரெண்டு கையாலயும் மெதுவா எடுத்தேன், அப்படியும் ஒரு விரக்கடை கிழிஞ்சிருச்சு. அவரு திட்டல. மடியில வச்சு உள்ளங்கையால தடவிக்கிட்டே "எங்கப்பா கைநாட்டு இருக்கு தம்பி இதுல"ன்னாரு.

அன்னைலருந்து பழைய பத்திரம் எதுவும் ஃபீடர் பக்கம் போறதே இல்ல. டிரான்ஸ்பரன்ட் கவர்ல வச்சு, கண்ணாடி மேல கவுத்து, 300 டிபிஐல (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) ஒவ்வொண்ணா எடுக்குறேன், பின்பக்க சீலும் எழுத்தும் முன்னால தெரிஞ்சா மேல கறுப்பு அட்டை வச்சா மங்கிடும். கிழிசல்ல செலோடேப் ஒட்டவே ஒட்டாதீங்க, பசை வருஷம் போகப் போக பழுப்பாகி எழுத்துலயே எறங்கிரும். முடிஞ்சதும் பழைய ஓட்டையிலயே டேக் கயித்த கோத்து, பென்சில்ல எழுதுன கணக்கோட சரிபாத்து, அவங்க முன்னாடியே இன்னொரு தடவ எண்ணிக் காட்டிட்டுத்தான் கையில குடுக்குறேன்.