ரூத் வரையில்

தரங்கம்பாடியின் நகர வாயிலைக் கடந்து ராஜ வீதியில் நடந்து, லெந்து எனும் தவக்காலத்தின் ஒரு காலை வேளையில் புதிய எருசலேம் ஆலயத்தை அடைந்தேன். என் தந்தையாரை அடக்கம் செய்து ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. அவர் பிறந்த ஊர் வேறு. பிழைக்க வந்த ஊரிலேயே அவரை மண்ணுக்கு ஒப்புக்கொடுத்தோம். தாத்தா பாட்டியின் அருகே அவரைக் கொண்டுபோய் வைக்காமல் விட்டோமே என்ற உறுத்தலால், அவருடைய கல்லறையில் ஒரு கல்லை நடவும் எனக்கு மனம் வரவில்லை.

ஆலயத்தின் பெயரில் உள்ள 'புதிய' என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் இழப்பு இருக்கிறது. 1707-இல் மிஷனரி சீகன்பால்கு எழுப்பிய முதல் எருசலேம் ஆலயத்தைக் கடல் கொண்டுவிட்டது. அதன் பிறகே இந்த ஆலயம் கட்டப்பட்டு, 1718-இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கரையிலுள்ள பழமையான மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியையும் அலைகள் அரித்துச் சென்றுள்ளன. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் வாழும் ஊர் இது.

வளாகத்திலுள்ள பழைய கல்லறைகளுக்கு நடுவே வெகுநேரம் நடந்தேன். உப்புக்காற்றில் தேய்ந்த எழுத்துகளை விரலால் தடவித்தான் படிக்க வேண்டியிருந்தது. ஒரு கல்லில் பெயர் முழுவதும் அழிந்து, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. அந்தப் பெயரைச் சொல்லி அழுதவர்களும் மறைந்து இரு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும்.

பின்னர் உள்ளே சென்று, சீகன்பால்கு அடக்கம் செய்யப்பட்ட இடத்தின் அருகே முழங்காற்படியிட்டேன். ஜெர்மனியின் புல்ஸ்னிட்ஸில் பிறந்த அவர், 1706 ஜூலை 9 அன்று இக்கரையில் இறங்கியபோது இருபத்துநான்கு வயதும் நிறையாத இளைஞர். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் அகரம் எழுதிப் பழகியவர், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1715-க்குள் அதை முழுமையாக அச்சேற்றியும் முடித்தார். பழைய ஏற்பாட்டில் ஆதியாகமம் தொடங்கி ரூத் வரையில் மொழிபெயர்த்திருந்த நிலையில், 1719 பிப்ரவரி 23 அன்று, முப்பத்தாறாம் வயதில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். எஞ்சியதை அவருக்குப் பின் பணிசெய்த மிஷனரி பெஞ்சமின் சூல்ச் தொடர்ந்து முடித்தார்.

ரூத் வரையில் என்பதைச் சிறுவயதிலிருந்தே ஒரு தகவலாக அறிந்திருந்தேன். அன்றுதான் அது என் நெஞ்சைத் தொட்டது. நீர் மரணமடையும் இடத்தில் நானும் மரணமடைந்து அங்கேயே அடக்கம்பண்ணப்படுவேன் என்று மாமியாரிடம் மோவாபியப் பெண்ணான ரூத் சொல்லும் வார்த்தை அந்தப் புத்தகத்தின் முதல் அதிகாரத்தில்தான் இருக்கிறது. அந்த வசனத்துக்குத் தமிழ்ச்சொல் தேடியபோது, தம் உடலும் இந்த மண்ணுக்கே சேரும் என்று அவர் எண்ணியிருப்பாரோ? எனக்குத் தெரிந்ததெல்லாம், அவருடைய கல்லறையை அந்நிய தேசத்துக் கல்லறை என்று இந்த ஊரில் எவரும் எண்ணுவதில்லை என்பதே.

வெளியே வந்து, பெயரழிந்த அந்தக் கல்லின் மீது கிடந்த சருகுகளை அகற்றிவிட்டு, அதனருகே நின்று பரமண்டல ஜெபத்தைச் சொன்னேன். மறுவாரம் அம்மாவை அழைத்துக்கொண்டு கல்தச்சரிடம் சென்றேன். தந்தையாரின் பெயருக்குக் கீழே எந்த ஊரைப் பொறிக்க வேண்டும் என்று அவர் கேட்டபோது, அம்மா சிறிதும் தயங்காமல், நாங்கள் குடியிருக்கும் ஊரின் பெயரைச் சொன்னார்கள்.