வீட்டில் இரண்டு பேருக்குக் காய்ச்சல், கை கொடுத்தது காலண்டர் தாள்

ஐப்பசி மழை பிடித்தால் எங்க குலசேகரம் பக்கம் வீட்டுக்கு வீடு காய்ச்சல்தான். ரப்பர் தோட்டத்தில் சிரட்டை சிரட்டையாகத் தண்ணீர் நிற்கும், கொசுவுக்குக் கேட்க வேண்டாம். இந்தத் தடவை மூன்று வயசு மகனும், ரப்பர் பால் வெட்டப் போகிற மாமாவும் (மாமனார்) ஒரே நேரத்தில் படுத்துவிட்டார்கள். இரண்டு பேரையும் வீட்டில் வைத்துப் பார்த்ததில் பிடிபட்டதை எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

நெற்றியில் கை வைத்தால் சுடுகிறதா இல்லையா என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வீட்டில் கட்டாயம் வேண்டும். மகனுக்கு அக்குளை துவர்த்தால் (துண்டால்) ஈரம் போகத் துடைத்து, முனை தோலில் படும்படி வைத்து, மடியில் உட்காரவைத்து அவன் கையை உடம்போடு அணைத்துப் பிடித்துக்கொள்வேன், பீப் சத்தம் வரும்வரை விடமாட்டேன். மாமாவுக்கு நாக்குக்கு அடியில். சுக்குக் காப்பி குடித்த சூட்டோடு வைத்தால் கூடுதலாகக் காட்டும், அதனால் அரை மணி நேரம் கழித்துத்தான் பார்ப்போம். பொதுவாக 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் தொட்டால் காய்ச்சல் என்று கணக்கு. ஆனால் அக்குளில் உள்சூட்டைவிட அரை டிகிரி, ஒரு டிகிரி குறைத்துத்தான் காட்டும், ஆகவே எங்கே வைத்துப் பார்த்தது என்பதும் முக்கியம்.

அப்புறம் எழுதி வைப்பது. இதைத்தான் நான் அடித்துச் சொல்வேன். கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம், ஆளுக்கு ஒன்று, அடுக்களைக் கதவில் ஒட்டினேன். "ராத்திரி 11.10, அக்குள் 102.2, பாராசிட்டமால் 4 மில்லி. 12.15, அக்குள் 100.8, தண்ணீர் குடித்தான், ஒண்ணுக்குப் போனான்." இப்படி. நானும் வீட்டுக்காரரும் மாறி மாறி முழித்திருந்தோம், "மருந்து கொடுத்தாச்சா?" என்று ஒருத்தரை ஒருத்தர் எழுப்பவே வேண்டியிருக்கவில்லை.

அந்த 4 மில்லி எப்படி வந்தது என்றால், பிள்ளையின் எடை 14 கிலோ. ஒரு தடவைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், அதாவது 140 முதல் 210 வரை கொடுக்கலாம். எங்களிடம் இருந்தது 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப், 4 மில்லி எடுத்தால் 200. இதே மருந்து 5 மில்லியில் 125 உள்ளதாகவும் விற்கிறது, கைக்குழந்தைக்கான சொட்டு மருந்தில் 1 மில்லியிலேயே 100 இருக்கும். சொட்டு மருந்தை எடுத்து 4 மில்லி ஊற்றினால் 400, இரட்டிப்பு! வயசைக் கேட்டு மில்லி சொல்லாதீர்கள், எடையையும் பாட்டில் மேல் எழுதியிருப்பதையும் பாருங்கள். கரண்டி வேண்டாம், கூடவே வருகிற அளவு மூடி போதும். 4 முதல் 6 மணி நேர இடைவெளி, ஒரு நாளில் 4 தடவைக்கு மேல் போகக்கூடாது. தூங்குகிற பிள்ளையை மருந்துக்காக எழுப்பவும் வேண்டாம், நம்பரை இறக்குவதற்காக அல்ல, பிள்ளையின் அவஸ்தை குறையத்தான் மருந்து.

மாமி, "மக்களே, பிள்ளைக்குக் குளிரும், கம்பளி போத்து" என்றார்கள். நடுக்கம் இருக்கும்போது மெல்லிய போர்வை போதும், நின்றதும் எடுத்துவிட்டோம். வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தால் இதமாக இருக்கும். ஐஸ் தண்ணீர் மட்டும் கூடாது, நடுக்கத்தைக் கூட்டிவிடும். சம்பா அரிசிக் கஞ்சித்தண்ணியில் உப்புப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். வலிப்பு வந்தால் என்ன செய்ய என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தேன்: ஒருச்சாய்த்துப் படுக்க வை, வாயில் எதுவும் திணிக்காதே, கையில் இரும்புச் சாவி கொடுத்துப் பிரயோஜனம் இல்லை, 5 நிமிடம் தாண்டினால் 108.

மாமா விஷயம் வேறு. 650 மில்லிகிராம் பாராசிட்டமால் போட்டுக்கொண்டே, சளிக்கென்று கடையில் வாங்கிய மாத்திரையையும் எடுத்தார், அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் பாராசிட்டமால். பெரியவர்களுக்கு ஒரு நாள் மொத்தமே 4 கிராம்தான் உச்சம், குடிப்பழக்கமோ ஈரல் கோளாறோ இருந்தால் இன்னும் குறைவு. உடம்பு வலிக்கு இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போடவும் விடவில்லை, டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு ஆகிவிடும். தாளில் சூடு இறங்கவே இல்லை, கண் சிவந்து, கெண்டைக்காலில் கை வைக்க விடவில்லை. டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "காலில் புண்ணோடு தண்ணீரில் நின்றீர்களா?" என்று கேட்டார். பரிசோதனையில் எலிக்காய்ச்சல் (எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து புண் வழியாகத் தொற்றுவது), ஆன்டிபயாடிக் கொடுத்ததும் தேறினார்.

மகனுக்குச் சூடு இறங்கியபிறகும் தாளை நான் கிழிக்கவில்லை. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்து: வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிடுவது, ஒண்ணுக்குக் குறைவது. இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. அவனுக்கு எதுவும் வரவில்லை.

நாத்தனாருக்கு இரண்டு மாசக் கைக்குழந்தை. அவளும் எத்தனை மில்லி கொடுக்க என்று கேட்டாள். மூன்று மாசத்துக்குள் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது, 100.4 காட்டினால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல், ராத்திரியானாலும் நேராக ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்லியிருக்கிறேன்.